தொட்டாலே அரிக்கும் தோல்: எக்ஸிமா உள்ளவர்களுக்கு ஒரு படிப்படி வழிகாட்டி

சட்டையைப் போட்டதும் கழுத்துப் பட்டையின் ஓரத்தில் அரிப்பு. வேறு சட்டைக்கு மாறினால் இடுப்பில். போர்வை விளிம்பு காலில் உரசினால் தூக்கம் கலைகிறது. கன்னத்தில் ஒரு முடி விழுந்தால் முகம் முழுக்க ஊறுகிறது. பூச்சிக்கடி இல்லை, வியர்வை இல்லை, சோப்பும் மாறவில்லை. வெறும் தொடுதல்தான்.

வெளியே சொன்னால், "எல்லாம் மனசுதான், அதையே நினைக்காதே" என்று பதில் வரும். அதை நம்பாதீர்கள். இதற்கு மருத்துவத்தில் தனிப் பெயர் உண்டு: அலோக்னீசிஸ். இங்கே அதைத் தொடு அரிப்பு என்று சொல்வோம். அரிப்பைக் கிளப்பக் கூடாத மெல்லிய தொடுதல் அரிப்பைக் கிளப்புவது என்று பொருள். எக்ஸிமா (தோல் வறண்டு, அழற்சியால் தடித்து அரிக்கும் நோய்) உள்ளவர்களிடம் இது அடிக்கடி காணப்படுகிறது. தடிப்பு இருக்கும் இடத்தில் மட்டுமல்ல, அதைச் சுற்றிப் பார்வைக்கு நன்றாக இருக்கும் தோலிலும் வரும்.

காரணத்தைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள், கீழே வரும் படிகள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. மெல்லிய தொடுதலைச் சுமக்கும் நரம்புகளும் அரிப்பைச் சுமக்கும் நரம்புகளும் வேறு வேறு. தொடுதல் செய்தி தண்டுவடத்துக்கு வந்ததும், அது அரிப்புப் பாதைக்குள் நுழையாமல் அங்குள்ள தடுப்பு நரம்பணுக்கள் பார்த்துக்கொள்கின்றன. தோலில் இருந்து மெல்லிய தொடுதலை உணரும் மெர்க்கல் செல்கள் அந்தத் தடுப்பைத் தூண்டிவிட்டுக்கொண்டே இருக்க உதவுகின்றன. வறண்ட தோலிலும் வயதான தோலிலும் மெர்க்கல் செல்கள் குறைவதையும், அதனால் வெறும் தொடுதலே அரிப்பாக மாறுவதையும் எலிகளில் செய்து 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. எக்ஸிமாவில் வறட்சியோடு அழற்சியும் சேர்கிறது. அந்த அழற்சி அரிப்பு நரம்புகளை எந்நேரமும் விழிப்பிலேயே வைத்திருக்கிறது.

ஆகவே துணி குற்றவாளி இல்லை, அது வெறும் தூண்டுகோல். வறட்சியும் அழற்சியும் அடங்கினால்தான் இந்த நிலை மாறும். அதுவரை நாளை ஓட்டுவதற்கு ஒரு வழி இருக்கிறது: இழைந்து நகரும் மெல்லிய தொடுதல்தான் அரிப்பைக் கிளப்புகிறது, அழுத்தமான அசையாத தொடுதல் பெரும்பாலும் கிளப்புவதில்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

காலக் கணக்கையும் முதலிலேயே சொல்லிவிடலாம். துணி, படுக்கை மாற்றங்களின் பலன் அன்றைக்கே தெரியும். மாய்ஸ்சரைசர் சரியான அளவில் போட்டால் ஓரிரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். தடிப்பு மறைந்த பிறகும் தொடு அரிப்பு சில வாரம் இழுக்கலாம். அந்த இடைவெளியில்தான் பலர் மனம் தளர்ந்து எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள்.

1. இது தொடு அரிப்புதானா என்று சோதியுங்கள்

தேவையானவை கொஞ்சம் பஞ்சு, ஒரு பேனா, ஒரு அளவுகோல். பஞ்சின் நுனியை மெல்லிய திரியாக இழுத்துக்கொள்ளுங்கள். தடிப்பு எதுவும் இல்லாத, அதற்குத் தொலைவான இடத்தில், தோல் அழுந்தாதபடி ஒரு கோடு இழையுங்கள். சாதாரணமாக லேசான கூச்சம் தெரிந்து உடனே போய்விடும். அடுத்து, தடிப்பிலிருந்து சுமார் 10 செ.மீ. தள்ளித் தொடங்கி, ஒரு செ.மீ. ஒரு செ.மீ. ஆகத் தடிப்பை நோக்கி இழைத்து வாருங்கள். கூச்சம் அரிப்பாக மாறும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி. இதையே நான்கு பக்கமிருந்தும் செய்தால், தடிப்பைச் சுற்றி எவ்வளவு தூரம் தோல் தொடு அரிப்பில் இருக்கிறது என்று கண்ணெதிரே தெரியும். தடிப்பின் ஓரத்திலிருந்து புள்ளிவரை அளந்து தேதியோடு குறியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே நேரத்தில் அளந்தால் போதும். தினமும் செய்தால் நீங்களே அரிப்பைக் கிளப்பிக்கொள்வீர்கள். புண்ணாகிப் போன தோலில் செய்ய வேண்டாம்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடிய சில நிலைகள் உண்டு. சிகிச்சை வேறு என்பதால் பிரித்துப் பார்ப்பது முக்கியம்.

கோடு கீறிய சில நிமிடத்தில் அதே கோடு தடித்து எழும்பி, அரைமணி, ஒரு மணி நேரத்தில் அடங்கினால் அது பெரும்பாலும் டெர்மோகிராஃபிசம் எனப்படும் தடிப்பு வகை. அதற்கு ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை நன்றாகக் கேட்கும். எக்ஸிமா தோலில் கோடு சிலசமயம் எழும்பாமல் வெளிறிப் போகும்.

வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு, இரவில் உச்சம், விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் சிறு பருக்கள் என்றால் அது சொறிப்பூச்சியாக இருக்கலாம். அதற்கான மருந்தை வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போட வேண்டும்.

ஒரு குறிப்பிட்ட துணியோ பொருளோ பட்ட இடத்தில் மட்டும், பட்டு ஓரிரு நாள் கழித்துத் தடிப்பு வந்தால் தொடு ஒவ்வாமையைச் சந்தேகியுங்கள். தொடு அரிப்பு பட்ட நொடியில் வரும், துணியை எடுத்தால் தணியத் தொடங்கும். தொடு ஒவ்வாமை தாமதமாக வந்து, நாள்கணக்கில் நிற்கும். தடிப்பே இல்லாமல் முதுகின் ஒரு பக்கத்திலோ முன்கையின் வெளிப்பக்கத்திலோ மட்டும் வருடக்கணக்கில் அரித்தால், நரம்பு சார்ந்த அரிப்பா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்த வழிகாட்டியைக் கீழே வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டிய நேரமும் உண்டு. ஒரே அளவில், நடுவில் குழி விழுந்த சிறு புண்கள் கொத்துக் கொத்தாக வந்து காய்ச்சலும் வலியும் இருந்தால் அது ஹெர்பிஸ் கிருமி எக்ஸிமாவில் பரவும் நிலையாக இருக்கலாம். அன்றே பார்க்க வேண்டும். கண்ணருகே வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். மஞ்சள் பொருக்கும் நீர்க்கசிவும் சூடும் பரவினால் பாக்டீரியா தொற்று. அதையும் வளரவிடக் கூடாது.

2. ஒரு வாரம் குறிப்பெடுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஏழு நாள். தினமும் தூங்கப் போகும் முன் ஒரு எண்: கடந்த 24 மணி நேரத்தில் அரிப்பு உச்சமாக இருந்தபோது 0 முதல் 10-இல் எவ்வளவு? பக்கத்தில் மூன்று சொற்கள் போதும்: எது பட்டது, எங்கே, எப்போது. "பனியன் தையல், அக்குள், காலை 9." "தலைமுடி, பின்கழுத்து, மாலை." நீளமாக எழுத ஆரம்பித்தால் மூன்றாம் நாள் நின்றுவிடும். இரவில் அரிப்பால் எத்தனை முறை விழித்தீர்கள் என்பதையும் சேருங்கள். மருத்துவரின் முடிவை அதிகம் மாற்றக்கூடிய தகவல் அதுதான்.

ஒவ்வொரு இடத்தையும் ஒருமுறை படம் எடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், அருகில் அளவுகோலை வைத்து. நீங்கள் மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் தோல் பார்க்க நன்றாகவே இருக்கும் வாய்ப்பு அதிகம்.

3. இழையும் தொடுதலை அப்புறப்படுத்துங்கள்

குறிப்பில் அதிகம் வந்த மூன்று தூண்டல்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அலமாரி முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை.

முதலில் லேபிள். கத்தரியால் நறுக்கினால் ஒரு மி.மீ. உயரத்துக்கு விறைத்த முனைகள் மிஞ்சும். அவை லேபிளைவிட மோசம். தையல் பிரிக்கும் ஊசியால் லேபிளைப் பிடித்திருக்கும் இழைகளை மட்டும் அறுத்து, முழுதாக உருவி எடுங்கள். பிரிக்க முடியாதபடி தையலுக்குள் புதைந்திருந்தால், மெல்லிய பருத்தித் துண்டை அதன் மேல் வைத்துத் தைத்துவிடுங்கள்.

அடுத்து தையல். உள்ளாடையையும் பனியனையும் உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டாலே பாதித் தொல்லை தீரும். மேலே இன்னொரு துணி வருவதால் யாருக்கும் தெரியாது. காலுறையின் விரல்முனைத் தையலுக்கும் இதே வழி. புதிதாக வாங்கும்போது தையல்மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். விரலுக்கு மேடு தெரிந்தால் உங்கள் இடுப்புக்கும் தெரியும். நைலான் நூலால் தைத்த பருத்தி உடை உண்டு. பளபளப்பாக, விறைப்பாக இருக்கும் அந்த நூலின் முனைகள்தான் ஊசிபோலக் குத்தும்.

துணியின் பெயரைவிட இழையின் தடிமன் முக்கியம். சுமார் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழையின் முனை தோலில் படும்போது வளையாமல் குத்துகிறது. கம்பளி அரிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், ஒவ்வாமை அல்ல. அதனால்தான் 18 மைக்ரானுக்கும் மெல்லிய மெரினோ கம்பளியைச் சிலரால் நிம்மதியாக அணிய முடிகிறது. பருத்தி நல்லது, ஆனால் எல்லாப் பருத்தியும் அல்ல. பலமுறை துவைத்து இழை பிரிந்து மேலே குஞ்சம் எழுந்த பழைய பருத்தித் துணியும் தோலை வருடி அரிக்க வைக்கும். துணியை வெளிச்சத்துக்கு நேரே, ஓரப்பார்வையில் பிடித்துப் பாருங்கள். பூனைமயிர் மாதிரி எழுந்து நிற்கும் இழைகள் தெரிந்தால் அது உடம்போடு ஒட்டும் உடைக்கு ஆகாது.

இனி எல்லோரும் தவறு செய்யும் இடம். எக்ஸிமா என்றதும் "தளர்வான உடை போடு" என்பார்கள். வியர்வைக்கு அது சரியான அறிவுரை. தொடு அரிப்புக்கு அரைகுறை அறிவுரை. தொளதொள உடை ஒவ்வொரு அசைவிலும் உடம்பின் பூனைமயிரை வருடிக்கொண்டே போகிறது. அந்த மயிர் அசைவதுதான் செய்தி. இறுக்காமல், வழுவழுப்பாக, தோலோடு சேர்ந்தே நகரும் ஓர் உள்ளடுக்கு, அதன்மேல் தளர்வான உடை என்று இரண்டாகப் பிரித்தால் வெளி உடையின் உரசல் தோலை எட்டாது. எலாஸ்டிக் பதிந்து கோடு விழுந்தால் அது இறுக்கம் என்று அர்த்தம். வெயில் நாளில் வியர்த்தால் உள்ளடுக்கை மாற்றுங்கள், உலரும்வரை காத்திருக்காதீர்கள். வியர்வையே தனியாக அரிப்பைக் கிளப்பும்.

முடி நெற்றியிலோ பின்கழுத்திலோ படாதபடி கட்டுங்கள். முடி வெட்டிய பிறகு உதிரி முடி கழுத்தில் தங்கினால் நாள் முழுக்க வதைக்கும். வெட்டியவுடன் குளியுங்கள், வெட்டும்போது போட்டிருந்த சட்டையை அப்படியே துவைக்கப் போடுங்கள். சவரம் செய்தால் இரண்டாம் நாள் முளைக்கும் கட்டை முடி உடைக்குள் குத்தும். எக்ஸிமா கிளம்பியிருக்கும்போது கை கால்களைச் சவரம் செய்யாமல் விடுவதே மேல்.

துவைப்பில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். வாசனையில்லாத திரவ சோப்பு, பாக்கெட்டில் சொன்ன அளவுக்கு மேல் போடாமல் இருப்பது, இன்னொரு முறை அலசுவது, இயந்திரத்தை முக்கால் பங்குக்கு மேல் அடைக்காமல் இருப்பது. புதுத் துணியை ஒருமுறையாவது துவைத்த பிறகே போடுங்கள். வாசனைத் துணி மென்மையாக்கி வேண்டாம்.

4. குளியலும் மாய்ஸ்சரைசரும்

வெதுவெதுப்பான தண்ணீர், 5 முதல் 10 நிமிடம். சாதாரணக் கட்டிச் சோப்பு காரமானது, அதன் பிஎச் 9, 10 வரை இருக்கும். தோல் சற்று அமிலமானது, அதன் பிஎச் சுமார் 5. சோப்பில்லாத வாசனையற்ற கிளென்சரை அக்குள், அடிவயிறு, பாதங்களுக்கு மட்டும் பயன்படுத்தினால் போதும். நார், பிரஷ் எதுவும் வேண்டாம். ஷவரின் மெல்லிய தாரைகள் தோலில் ஊசி மழையாக விழுந்து சிலருக்கு அரிப்பைக் கிளப்பும். அப்படியானால் குவளையால் மொண்டு ஊற்றிக் குளியுங்கள். ஒரேயடியாகப் பரந்து விழும் தண்ணீர் அந்தத் தொல்லை தராது.

துண்டால் துடைக்காதீர்கள். துண்டை விரித்து உடம்பில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி எடுங்கள். ஈரம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், மாய்ஸ்சரைசர்.

இந்த இடத்தில்தான் தொடு அரிப்பு உள்ளவர்கள் ஒரு சிக்கலில் மாட்டுகிறார்கள். மாய்ஸ்சரைசரைத் தேய்ப்பதே ஒரு தொடுதல். தேய்க்கத் தேய்க்க அரிக்கிறது, அதனால் குறைவாகப் போடுகிறார்கள், வறட்சி கூடுகிறது, அரிப்பும் கூடுகிறது. கடைசியில் "இந்த கிரீம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று தூக்கி எறிகிறார்கள். பல நேரம் கிரீம் நல்ல கிரீம்தான். பூசிய விதம்தான் கோளாறு.

இப்படிச் செய்து பாருங்கள். டப்பாவிலிருந்து சுத்தமான கரண்டியால் எடுங்கள் (கையை விட்டால் கிருமி புகும்). முன்கைக்கு ஐந்தாறு பொட்டுகள் என்று முதலில் வைத்துவிடுங்கள். பிறகு உள்ளங்கை முழுவதையும் தோலில் பதித்து, ஒரே அழுத்தத்தில், மயிர் வளரும் திசையில், மெதுவாக ஒரு இழுப்பு. கை தோலை விட்டு மேலெழக் கூடாது, முன்னும் பின்னும் போகக் கூடாது, விரல்நுனிகளால் தடவக் கூடாது. இரண்டு இழுப்பில் பரவவில்லை என்றால் கிரீம் குறைவு என்று பொருள். மேலே வெள்ளைப் படலம் மிஞ்சினால் விட்டுவிடுங்கள், 10 நிமிடத்தில் தானே உள்வாங்கும். அதற்குள் உடை போட வேண்டாம், ஈரத்தில் ஒட்டி ஒட்டி விலகும் துணி மறுபடி அரிப்பைத் தொடங்கிவைக்கும். மாய்ஸ்சரைசரைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் குளிர்ச்சியே அரிப்பைக் கொஞ்சம் அடக்கும்.

அளவு: உடம்பெங்கும் வறட்சி உள்ள பெரியவருக்கு வாரம் 500 கிராம் வரை, குழந்தைக்கு 250 கிராம் வரை ஆகும். ஒரு மாதத்துக்கு 100 கிராம் டியூப் ஒன்று போதுகிறது என்றால், போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு போடாமல் இருக்கிறீர்கள். பகலில் லேசான கிரீம், இரவில் கெட்டியான ஆயின்ட்மென்ட் என்று பிரிக்கலாம். லோஷனில் தண்ணீர் அதிகம், மிகவும் வறண்ட தோலுக்குப் போதாது. யூரியா கலந்தவை வெடித்த தோலில் எரியும்.

ஓர் எச்சரிக்கை: மாய்ஸ்சரைசர் ஊறிக் காய்ந்த துணியும் படுக்கை விரிப்பும் எளிதில் தீப்பிடிக்கும். பாரஃபின் இல்லாதவைக்கும் இது பொருந்தும். துவைத்தாலும் முழுதாகப் போகாது. அடுப்பு, விளக்கு, சிகரெட் அருகே அந்த உடையோடு நிற்காதீர்கள்.

5. அழற்சியை அடக்கும் மருந்து: அளவும் நாளும்

மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பை விரல்நுனி அளவில் அளக்க வேண்டும். டியூபிலிருந்து பெரியவரின் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை நீளமாக வரும் களிம்பு சுமார் அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை (விரல்கள் சேர்த்து) பரப்புக்குப் போதும். பெரியவரின் முகமும் கழுத்தும் சேர்ந்து இரண்டரை விரல்நுனி அளவு, ஒரு கைக்கு மூன்று, மணிக்கட்டுக்குக் கீழே ஒன்று, ஒரு காலுக்கு ஆறு, பாதத்துக்கு இரண்டு.

எல்லா டியூபும் ஒன்றல்ல. ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் மென்மையானது. மொமெட்டசோன் 0.1, பீட்டாமெத்தசோன் வேலரேட் 0.1 வீரியமானவை. க்ளோபெட்டசால் 0.05 மிக வீரியமானது. இந்த எண்களை ஒப்பிட்டு ஏமாறாதீர்கள்: க்ளோபெட்டசாலின் 0.05, ஹைட்ரோகார்ட்டிசோனின் 1-ஐவிடப் பலமடங்கு வலுவானது. வீரியம் மருந்தின் பெயரில் இருக்கிறது, சதவீதத்தில் இல்லை. முகம், கண்ணிமை, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் உடலுக்குக் கொடுத்த வீரியமான களிம்பைப் போடக் கூடாது. ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த டியூப்களைத் தானாக வாங்கிப் பூசாதீர்கள்.

மாய்ஸ்சரைசருக்கும் களிம்புக்கும் நடுவே 15 முதல் 30 நிமிடம் விடுங்கள். எது முதலில் என்பதைவிட இரண்டும் கலந்துவிடாமல் இருப்பதே முக்கியம்.

பெரிய பள்ளம் இதுதான்: சிவப்பு போனதும் நிறுத்திவிடுவது. கருத்த தோலில் சிவப்பு முதலிலிருந்தே சரியாகத் தெரியாது. அழற்சி சாம்பல், ஊதா, அடர்பழுப்பாகத் தெரியும். பிறகு நிறம் மட்டும் மாதக்கணக்கில் மிஞ்சும். ஆகவே கண்ணை நம்பாமல் விரலை நம்புங்கள். கண்ணை மூடிக்கொண்டு, தடிப்பிருந்த இடத்தையும் பக்கத்துத் தோலையும் மாறி மாறி அழுத்திப் பாருங்கள். சொரசொரப்போ தடிமனோ தெரிந்தால் அழற்சி இன்னும் இருக்கிறது. எத்தனை நாள் போட வேண்டும், எப்படி நிறுத்த வேண்டும் என்பதை எண்ணாகவே மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடங்கிய பிறகும் அடிக்கடி திரும்ப வரும் இடத்துக்கு, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தொடர்ந்து போடும் முறை உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். முகத்துக்கும் கண்ணிமைக்கும் டாக்ரோலிமஸ் (ஸ்டீராய்டு அல்லாத களிம்பு) கொடுத்தால் முதல் சில நாள் எரியும், பிறகு பெரும்பாலும் தணியும். அந்த எரிச்சலைப் பார்த்து இரண்டாம் நாளே நிறுத்துபவர்கள் பலர்.

ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை ஏன் கேட்கவில்லை என்று நொந்துகொள்ளாதீர்கள். எக்ஸிமா அரிப்பில் ஹிஸ்டமினின் பங்கு சிறியது. இன்டர்லூக்கின்-4, 13, 31 போன்ற, அழற்சிச் செய்தியைக் கடத்தும் வேறு வேதித் தூதர்கள்தான் முக்கியம்.

6. அரிப்பு கிளம்பிவிட்ட அந்த இரண்டு நிமிடம்

சொறிந்தால் சில நொடி சுகம், பிறகு அழற்சி கூடி அடுத்த அரிப்பு இன்னும் விரைவில். "சொறியாதே" என்ற கட்டளை யாருக்கும் உதவியதில்லை. கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும்.

இரண்டு கைகளையும் முஷ்டியாக மூடி 30 நொடி இறுக்கிப் பிடியுங்கள். பிறகும் அரித்தால், அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, அசைக்காமல் ஒரு நிமிடம். தேய்க்கவும் வருடவும் வேண்டாம். அதற்கும் அடங்காவிட்டால் துணி சுற்றிய குளிர் பொதியோ, குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியோ, 5 நிமிடம். பனிக்கட்டியை நேராகத் தோலில் வைக்காதீர்கள். கற்பூரம், மெந்தால் கலந்த தைலங்கள் முழுத் தோலில் குளிர்ச்சி தரலாம், வெடித்த தோலில் நெருப்பாக எரியும்.

தெரியாமலே சொறிவதுதான் அதிகம். படிக்கும்போது, திரை பார்க்கும்போது, உடை மாற்றும்போது. ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள், சொறிந்ததும் ஒரு கோடு. எண்ணிக்கை உங்களையே திடுக்கிட வைக்கும். எந்த நேரம், எந்த இடம் என்று தெரிந்துவிட்டால் முஷ்டிப் பழக்கத்தை அங்கே மட்டும் முதலில் கொண்டுவாருங்கள். பழக்கம் படிய ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும்.

7. இரவு

படுக்கைக்குள் தோல் சூடாகிறது, தோலிலிருந்து நீர் இழப்பு கூடுகிறது, கவனத்தைத் திருப்ப வேறு ஒன்றும் இல்லை. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாய்ஸ்சரைசரை முடித்துவிடுங்கள். விரிப்பின் ஓரத்தைச் சுருக்கமில்லாமல் இறுக்கிச் செருகுங்கள், காலில் சுருண்டு உரசும் துணி எழுப்பிவிடும். கொஞ்சம் கனமான, காற்றோட்டமுள்ள பருத்திப் போர்வை, இலேசாகப் பறக்கும் போர்வையைவிடப் பலருக்கு இதமாக இருக்கும். சூடு கூடினால் விலக்குங்கள். நகத்தை வெட்டி, அரத்தால் ஓரத்தை மழுக்குங்கள். வெட்டிய நகத்தின் கூர்முனை வெட்டாத நகத்தைவிடக் கீறும்.

கடுமையான நாட்களில் ஈரச் சுற்று உதவும்: மாய்ஸ்சரைசர், அதன்மேல் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தி உடை, அதன்மேல் உலர்ந்த உடை. தொற்று இருந்தால் கூடாது. ஸ்டீராய்டின் மேல் சுற்றினால் மருந்து அதிகமாக உள்ளே போகும், எனவே மருத்துவர் சொல்லாமல் செய்யக் கூடாது. முதல்முறை அவரிடமோ செவிலியரிடமோ கற்றுக்கொண்ட பிறகே வீட்டில் செய்யுங்கள்.

8. மருத்துவரிடம் என்ன எடுத்துப் போவது

ஒரு வாரக் குறிப்பு, படங்கள், பேனாப் புள்ளிகளின் அளவு. இதுவரை போட்ட எல்லா டியூப்களும், காலியானவை உட்பட. ஒரே தாளில் ஒரு பட்டியல்: மருந்தின் பெயர், வீரியம், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எத்தனை கிராம் தீர்ந்தது, பலன் என்ன, ஏன் நிறுத்தினீர்கள். இந்தத் தாளை அலட்சியம் செய்யாதீர்கள். ஊசி மருந்துகளுக்குக் காப்பீட்டின் அனுமதி கேட்கும் நிலை வந்தால், முந்தைய சிகிச்சைகள் போதிய அளவில், போதிய நாள் முயன்று தோற்றன என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். தேதி இல்லாத நினைவு அங்கே செல்லாது.

"அரிக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "தடிப்பு இல்லாத இடத்திலும் துணி பட்டாலே அரிக்கிறது, இரவில் மூன்று முறை விழிக்கிறேன், உச்ச அரிப்பு 8" என்று சொல்லுங்கள். பரிசோதனைக்குக் கிடைப்பது சில நிமிடம்தான்.

தொடு ஒவ்வாமை சந்தேகம் இருந்தால் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும்: முதுகில் ஒட்டும் நாள், 48 மணி நேரத்தில் எடுக்கும் நாள், 72 அல்லது 96 மணி நேரத்தில் மறுபடி பார்க்கும் நாள். அதுவரை முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது. முதுகில் ஸ்டீராய்டு களிம்பை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேளுங்கள், வழக்கமாக ஒரு வாரம் முன்பு. கையில் குத்திப் பார்க்கும் பரிசோதனை வேறு. அது இந்தக் கேள்விக்குப் பதில் தராது.

களிம்புகள் போதாவிட்டால் அடுத்த கட்டங்கள் இருக்கின்றன. குறும்பட்டை புறஊதா ஒளி சிகிச்சைக்கு வாரம் இரண்டு மூன்று முறை, பல வாரங்கள் போக வேண்டும். பயணத்தையும் விடுப்பையும் கணக்கிட்டுத் தொடங்குங்கள், பாதியில் விட்டால் வீண். டூப்பிலுமாப் ஊசி இன்டர்லூக்கின்-4, 13 ஆகியவற்றின் செய்தியைத் தடுக்கிறது. நெமோலிசுமாப் ஊசி இன்டர்லூக்கின்-31-இன் ஏற்பியைத் தடுக்கிறது. ஊசியின் பலனை முழுதாக மதிப்பிட சுமார் நான்கு மாதம் தர வேண்டும். டூப்பிலுமாப் போடும்போது கண் சிவந்தால் உடனே சொல்லுங்கள். உபாடசிட்டினிப், அப்ரோசிட்டினிப் மாத்திரைகள் அரிப்பைச் சில நாட்களிலேயே குறைக்கத் தொடங்கலாம். ஆனால் தொடங்கும் முன்பும் இடையிலும் ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

9. பணம் எங்கே வீணாகிறது

விலையைக் குப்பிக்குப் பார்க்காமல் 100 கிராமுக்குப் பாருங்கள், வாரத் தேவையால் பெருக்குங்கள். மாதம் இரண்டு கிலோ தேவைப்படும் ஒன்றில், சிறிய அழகான டப்பா தாக்குப்பிடிக்காது. வாசனையில்லாத, நீங்கள் வெறுக்காமல் பூசக்கூடிய, மலிவான பெரிய டப்பாதான் சிறந்த மாய்ஸ்சரைசர். பெரியதை வாங்கும் முன் சிறியதில் ஒரு வாரம், உள்முழங்கையில் மட்டும் போட்டுப் பாருங்கள். காரணம் தெரியாமல் நூறு உணவுகளுக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனைத் தொகுப்பு, தொடு அரிப்பு விஷயத்தில் பணத்தைக் கரைப்பதோடு தேவையற்ற பத்தியத்திலும் கொண்டுபோய் விடும். கையில் இருக்கும் பனியனைத் திருப்பிப் போடுவதற்குச் செலவே இல்லை, அதிலிருந்து தொடங்குங்கள்.

10. வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது

இதைச் சொல்லித்தர மறந்துவிடுகிறோம். தொடு அரிப்பு உள்ள குழந்தை, அம்மா முதுகைத் தடவிக் கொடுத்தால் நெளிந்து விலகும். அம்மாவுக்கு மனம் நோகும். குழந்தைக்கு ஏன் விலகினோம் என்று சொல்லத் தெரியாது. பெரியவர்களுக்கும் இதேதான், துணை ஆசையாக முழங்கையை வருடினால் கை தானாகப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும்.

விரல்நுனியால் வருட வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளங்கை முழுவதையும் வைத்து, கொஞ்சம் அழுத்தி, அசைக்காமல் பிடிக்கச் சொல்லுங்கள். வெறும் தோலில் கூசினால் துணியின் மேலாக. தட்டிக் கொடுத்துத் தூங்க வைப்பதற்குப் பதிலாக, தோளில் கையை வைத்து அப்படியே இருக்கச் சொல்லுங்கள். குழந்தையிடம் "எப்படிப் பிடித்தால் நல்லா இருக்கு?" என்று கேட்டு, அது காட்டும் இடத்தில், காட்டும் அழுத்தத்தில் பிடியுங்கள்.